அம்பயரின் கடைவாய்ப்பல்

அடிக்கக்கூடிய நல்ல பந்தை மட்டைக்காரர் விட்டுவிட்டால் அது 'ஸ்ட்ரைக்'; ஊர் கேட்கக் கத்த வேண்டும். விலகிப்போன பந்து என்றால் அது 'பால்'; முனகினாலே போதும். மினசோட்டாவின் ஞாயிற்றுக்கிழமை பேஸ்பால் ஆட்டங்களில் எந்த அம்பயரும் இந்த முறையை மீறியதில்லை. ஆனால் ஆர்வில் டெஷ்ஷுக்கு அன்று கடைவாய்ப்பல் விண்விண்ணென்று தெறித்தது. ஒவ்வொரு கத்தலுக்கும் உயிர் போய் உயிர் வந்தது. ஐந்தாம் சுற்றுக்கு மேல், ஓரமாக வந்த நல்ல பந்துகளுக்கெல்லாம் "பால்" என்று முனகத் தொடங்கிவிட்டார்.

பந்தைப் பிடிக்க அவருக்கு முன்னால் குந்தியிருந்த கேட்சர் ரோமனுக்குப் பொறுக்கவில்லை. திரும்பிப் பார்த்துச் சண்டை போட்டால் வெளியே துரத்திவிடுவார்கள். முன்னால் பார்த்தபடி என்ன வேண்டுமானாலும் திட்டலாம்; அதற்குப் பெயர் மரியாதை.

"அது ஸ்ட்ரைக்குண்ணே. எங்க வீட்டுப் பூனைகூடச் சொல்லும்."

"அப்ப பூனைய வந்து நிக்கச் சொல்லு," என்றார் ஆர்வில், வாயைச் சரியாகத் திறக்காமல்.

கடைசிச் சுற்றில் ரோமனின் அணி ஒரே ஒரு ஓட்டம் முன்னால் இருந்தது. இன்னும் ஒருவரை அவுட்டாக்கினால் வெற்றி. ஆனால் மூன்று மூலையிலும் ஓடி வரக் காத்திருக்கும் எதிரணி ஆட்கள். அடிக்க வந்தவர் டாக்டர் ஸ்வோபோடா, அந்த வட்டாரத்துக்கே ஒரே பல் டாக்டர்.

"மூணு பால், ரெண்டு ஸ்ட்ரைக்," என்று ஆர்வில் விரல்களைக் காட்டினார். இன்னொரு பால் என்றால் டாக்டர் முதல் மூலைக்குச் சும்மா நடந்தே போகலாம்; மூன்றாம் மூலை ஆள் உள்ளே வந்து ஆட்டம் சமன். இன்னொரு ஸ்ட்ரைக் என்றால் டாக்டர் அவுட், எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்.

"கன்னம் வீங்கியிருக்கே ஆர்வில்," என்றார் டாக்டர், முன்னால் பார்த்தபடியே. "நாளைக்கு வாங்க, நல்லா கவனிச்சிடுறேன்."

பந்து வந்தது. டாக்டர் மட்டையை அசைக்கவில்லை. பந்து அவர் முன்னால் தரையில் பதித்திருந்த தட்டின் ஓரத்துக்கு நேர் மேலாக வந்து ரோமனின் கையுறையில் விழுந்தது. சந்தேகமே இல்லை, ஸ்ட்ரைக். முனகிவிட்டால் பல்லும் பிழைக்கும், டாக்டரும் குளிர்ந்துபோவார். ஆனால் ஏழு ஸ்ட்ரைக்கை ஏற்கெனவே விழுங்கியாயிற்று. எட்டாவதையும் விழுங்க ஆர்விலுக்கே வெட்கமாக இருந்தது.

"ஸ்ட்ரைக் மூணு!"

பாதி தீர்ப்பு, பாதி ஒப்பாரி. கண்ணில் நீர் கொட்டியது.

டாக்டர் மட்டையை எறிந்துவிட்டு, மரியாதையையும் எறிந்துவிட்டு, மூக்கோடு மூக்கு உரச வந்து நின்றார். அடிதடி என்று கூட்டம் எழுந்தது. அந்த முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததும், இருபது வருடப் பழக்கத்தில் ஆர்விலின் வாய் தானாகத் திறந்துகொண்டது.

டாக்டர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"கீழ்வரிசை, இடப்பக்கம், கடைசி. பிடுங்கியாகணும். காலைல எட்டு மணிக்கு வந்துடுங்க."

நாலடி போனவர் நின்று திரும்பினார்.

"மரத்துப்போற ஊசி தீந்துபோச்சு."