கயிறு எட்டாத தெளிவு

ஏரித் தண்ணீரின் தெளிவை அளக்க ஒரு தட்டும் ஒரு கயிறும் போதும். கறுப்பும் வெள்ளையுமாகப் பூசிய தட்டைப் படகிலிருந்து இறக்க வேண்டும்; அது கண்ணுக்கு மறைகிற இடத்தில் கயிற்றிலுள்ள அளவைப் படிக்க வேண்டும். இதற்கா இத்தனை படிப்பு என்று, ஏரியை அளக்கும் வேலையிலிருந்த அவளை மாமியார் கேட்காத நாளில்லை. ஆனால் அன்றைக்கு அந்தத் தட்டில்தான் அவள் குடித்தனமே தொங்கிக்கொண்டிருந்தது.

பாசி படர்ந்து ஏரி நாறிய வருஷம் நீரேற்று நிலையத்தை இழுத்துப் பூட்டினார்கள். அங்கே மோட்டார் ஓட்டிய அவள் கணவனைத் தூரத்து நகரத்துக்குத் தூக்கியடித்தார்கள். மகளுக்கு அப்பா என்றால் ஃபோனுக்குள் இருக்கிற ஆள் என்றாகிவிட்டது. பிறகுதான் புத்தி வந்து சாக்கடைகளைத் திருப்பினார்கள், வயல் வடிகால்களில் நாணல் நட்டார்கள். ஏரியும் காய்ச்சல் விட்ட பிள்ளைபோல மெல்லத் தேறியது. ஆய்வகச் சோதனைகள் எல்லாம் முடிந்துவிட்டன. இன்று தட்டு மூன்றரை மீட்டர் வரை தெரிந்தால் நிலையம் திறக்கும், அவனும் வந்துவிடுவான்.

படகோட்டுவது அவள் கொழுந்தன். கயிறும் அவன் பொறுப்புதான். அவள் கயிற்றை விட்டாள். இரண்டு, இரண்டரை, மூன்று. தட்டு பளிச்சென்று தெரியும்போதே கயிறு கையோடு முடிந்துவிட்டது.

"பத்து மீட்டர் கயிறாச்சே! மீதி எங்க தம்பி?"

அவன் தலையைச் சொறிந்தான். "துணி காயப்போட வெட்டிக்கிட்டேன் அண்ணி. அப்பல்லாம் ஒரு முழத்துலயே தட்டு மறைஞ்சிடும். இனிமேலா தெளியப்போகுதுன்னு நெனச்சிட்டேன்."

"உன்னையே கட்டி இறக்கினா என்ன?"

வந்த கோபத்துக்கு இறக்கியும் இருப்பாள். படகோட்ட வேறு ஆளில்லை. அவனே நங்கூரக் கயிற்றை அவிழ்த்து முடிச்சுப் போட்டுக் கொடுத்தான். தட்டு மங்கி மறைந்த கணத்தில், தண்ணீர் மட்டத்தில் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டாள். தூக்கி வைத்து நாடாவால் அளந்தார்கள். நாலே கால் மீட்டர். நம்பாமல் மறுபடி இறக்கினாள். அதே நாலே கால். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கொழுந்தன் முன்னால் என்ன வெட்கம் என்று அழுதே தீர்த்தாள்.

பிறகு கணவனைக் கூப்பிட்டாள். "நாலே கால்ங்க."

ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"கேக்குதா?"

"கேக்குது." என்றான் அவன். "மோட்டார் ரூம் பூட்டு துருப்பிடிச்சுக் கெடக்கும். தம்பிய இன்னைக்கே எண்ணெய் விடச் சொல்லு. ஆனா யாரும் தெறக்காதீங்க. நான் வந்து தெறக்கிறேன்."