தொட்டித் தண்ணீர் வெள்ளையாகிவிட்டது

மாலை ஐந்து நாற்பதுக்கு அந்தக் கேள்வி வந்துவிடும். ஒரு நிமிடம் முன்னே பின்னே போனதில்லை.

‘பிரியாம்மா, தொட்டித் தண்ணி வெள்ளையா பூட்ச்சி. மீனு மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது. இன்னா செய்யறது?’

கேட்பவர் பெயர் துலுக்கானம், ஊர் திருநின்றவூர். கேள்விக்குக் கீழே ஒரு படம் இருக்கும். அந்தப் படத்தில்தான் சிக்கல். தண்ணீர் வெள்ளையாக இருக்காது. துடைத்து வைத்த கண்ணாடி மாதிரித் தெளிந்திருக்கும். இரண்டு தங்கமீன்கள் அடியில், கூழாங்கல்லை ஒட்டிச் சாதுவாக நிற்கும். தொட்டிக்குப் பின்னால் சுவரில் ஒரு தினசரிக் காலண்டர். அதில் மே 27 என்று இருக்கும். இப்போது மார்கழி பிறந்துவிட்டது. படத்தில் அந்தத் தாள் கிழிபடவே இல்லை.

கோகுல்நாத் தினமும் அதற்குப் பதில் எழுதினான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இரும்பு வளையங்களை அளந்து பார்க்கிற வேலை அவனுக்கு. ஐந்தரைக்கு ஷிப்ட் முடியும். வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு வேப்பமரம் உண்டு. அதனடியில் நின்று, கிருஷ்ணப்பிரியாவின் போனை எடுத்து, கிருஷ்ணப்பிரியாவின் பெயரில் எழுதுவான். அதன் பிறகுதான் வண்டியைக் கிளப்புவான்.

கிருஷ்ணப்பிரியா அவன் மனைவி. ஆடி மாதம், நாலே நாள் காய்ச்சலில் போய்விட்டாள்.

மீன் வளர்ப்பவர்களுக்காக இணையத்தில் ‘நன்னீர்க் களம்’ என்று ஒன்று இருந்தது. நாலாயிரம் பேர் போலச் சேர்ந்திருந்தார்கள். அதை நடத்துகிற இருவரில் அவள் ஒருத்தி. இன்னொருவன் பூந்தமல்லியில் மொபைல் கடை வைத்திருக்கும் வினோத். அவர்கள் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. களத்தின் விதிகளை எழுதியவள் அவள். ‘பழைய பதிவில் தேடிப் பாருங்கள்’ என்று யாரும் யாரையும் விரட்டக் கூடாது. பழைய பதிலை வெட்டி ஒட்டக் கூடாது. கேள்வி பழசாக இருக்கலாம், கேட்கிறவருக்கு அது இன்றைக்குத்தான் நடக்கிறது, ஆகவே பதிலும் இன்றைக்கே எழுதியதாக இருக்க வேண்டும். நூறு பேர் நூறு முறை ஒரே கேள்வியைக் கேட்டாலும் அவள் முகம் சுளித்ததில்லை. சோறு வடித்துக்கொண்டே ஒரு கையால் எழுதுவாள். அவள் பேசிச் சிரிப்பதை அடுத்த அறையிலிருந்து கேட்டால் யாரோ வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றும்.

காரியம் முடிந்த மறுநாள் அவள் போன் ஒலித்தது. யாரோ ஒருவர், மீன் சாகப் போகிறது, அக்கா சீக்கிரம் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். காத்திருக்கிறார் என்று தெரிந்தது. கோகுல்நாத் அவளுடைய பழைய பதில்களைப் படித்துவிட்டுத் தனக்குத் தெரிந்ததை எழுதினான். அனுப்பிய பிறகுதான் பார்த்தான், பதிலுக்கு மேலே அவள் பெயர் இருந்தது. ‘நன்றி அக்கா’ என்று வந்தது. அதைத் திருத்த அவனுக்கு மனம் வரவில்லை. அன்றைக்கு வராதது பிறகு எப்படி வரும்? ஐந்து மாதம் ஓடிவிட்டது.

அவளுக்குத் தனியாக வந்த கடிதங்களை மட்டும் அவன் திறக்கவில்லை. அவை அவளுக்கு எழுதியவை.

மற்றவர்கள் யார் பதில் சொன்னாலும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். துலுக்கானம் ஒருவர்தான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், அதுவும் தினமும். அந்தக் கூப்பிடுதல் நின்றால் உலகத்தில் அவளை யாரும் கூப்பிடப் போவதில்லை. இது கோகுல்நாத்துக்குத் தெரியும். அதனால்தான் ஐந்து நாற்பதுக்குத் தவறாமல் வேப்பமரத்தடியில் நின்றான்.

அவள் முன்பு எழுதிய பதில்களைப் பார்த்தே அவன் எழுதினான். முழுத் தண்ணீரையும் மாற்றாதீர்கள், கால் பங்கு போதும். இரண்டு நாள் இரை போடாதீர்கள். காற்று மோட்டாரை நிறுத்தாதீர்கள். பொறுத்திருங்கள், தானாகத் தெளியும். இதையே ஒவ்வொரு நாளும் வேறு வேறு வார்த்தையில் சொல்ல வேண்டும். அவள் துலுக்கானத்துக்கு எழுதிய பதில்களின் கடைசியில் ‘டீ குடிச்சீங்களா ஐயா?’ என்று ஒரு வரி தவறாமல் இருந்தது. மீன் சங்கதிக்கு அது எதற்கு என்று அவன் அதை மட்டும் விட்டுவிட்டான். அவன் சுபாவம் அப்படி.

களத்தில் மற்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்திருந்தார்கள். ஒருவர், ‘பெருசுக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கப்பா’ என்று எழுதினார். வியாழக்கிழமை வினோத், நிர்வாகிகள் மட்டும் பார்க்கிற பக்கத்தில் எழுதினான்:

‘அக்கா, உங்க பொறுமைக்குக் கோயில் கட்டலாம். ஆனா இந்த ஆளு நம்மள நல்லா ஓட்டறான். ஏழு மாசமா அதே கேள்வி, அதே போட்டோ. இது மனுஷனே இல்ல, ஏதோ மெஷின். சனிக்கிழமை பாப்பேன். மறுபடியும் வந்துதுன்னா தூக்கிடுவேன். கோச்சுக்காதீங்க.’

கோகுல்நாத் அந்த இரண்டு நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. துலுக்கானத்தை நேரில் பார்த்து, சனிக்கிழமை ஒரு நாள் மட்டும் கேட்காதீர்கள், பிறகு கொஞ்சம் மாற்றிக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு வரலாம் என்று முடிவு செய்தான். களத்துக்காரர்களுக்கு நீர்ச்செடி அனுப்புவதற்காகக் கிருஷ்ணப்பிரியா ஒரு முகவரி நோட்டு வைத்திருந்தாள். அதில் அவர் விலாசம் இருந்தது.

சனிக்கிழமை அரை நாள் விடுப்பு. நாலு மணி மின்சார ரயிலில் ஏறினான். ஆவடியில் பாதிப் பெட்டி இறங்கிவிட்டது. திருநின்றவூரில் இறங்கி ஏரிக்கரைப் பக்கம் நடந்தான். மழை நன்றாகப் பெய்த வருஷம். ஏரி தளும்பி, ரோட்டோரத்துப் பள்ளங்களிலெல்லாம் தண்ணீர் நின்றது. காற்று இல்லை. எந்தத் தண்ணீரிலும் ஒரு சுருக்கம்கூட இல்லை. கரையை ஒட்டிய மூன்றாவது சந்தில், பச்சை இரும்புக் கதவு போட்ட வீடு. கதவுக்கு வெளியிலேயே அந்தச் சத்தம் கேட்டது. மீன்தொட்டிக் காற்று மோட்டாரின் ரீங்காரம். ஆனால் நீர்க்குமிழிச் சத்தம் இல்லை.

கதவைத் திறந்தவளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் தையல்காரர்கள் போடுகிற அளவு நாடா.

“யாரு வோணும்?”

துலுக்கானம் ஐயாவைப் பார்க்க வேண்டும் என்றான். மீன் விஷயமாக என்றான். அவள் முகத்தில் எதுவும் அசையாததால், “கிருஷ்ணப்பிரியா அனுப்பிச்சாங்க,” என்றான்.

அவள் கதவைப் பிடித்தபடியே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒதுங்கி வழி விட்டாள்.

கூடத்தில் தொட்டி இருந்தது. படத்தில் பார்த்த அதே தொட்டி, அதே கூழாங்கல். தண்ணீர் இல்லை. கண்ணாடியில் சுண்ணாம்புக் கோடு வரி வரியாக ஏறியிருந்தது. காய்ந்த கல்லின் மேல் காற்றுக் குழாய் கிடந்து, வெறுமனே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. சுவரில் காலண்டர் மே 27-இல் நின்றது. அதற்குப் பக்கத்தில், சந்தன மாலை போட்டு, ஒரு கிழவரின் படம்.

“எங்கப்பா,” என்றாள். “வைகாசியில. நான் சுதா. ஒக்காருங்க.”

அவன் உட்கார்ந்தான்.

அவள் எதையும் மறைக்கவில்லை. கணக்காகச் சொன்னாள். அப்பாவுக்கு இரண்டு வருஷமாக நினைவு தப்பிக்கொண்டே வந்தது. எப்போதோ ஒரு நாள் தொட்டித் தண்ணீர் உண்மையாகவே வெள்ளையாகிப் போனது. அந்த ஒரு நாள் அவருக்குள் சிக்கிக்கொண்டது. தினமும் சாயங்காலம் டீ வைக்கிற நேரத்தில் தொட்டியைப் பார்ப்பார், பதறுவார், பிரியாம்மாவைக் கேளு என்பார். சுதா படம் பிடித்து எழுதிப் போடுவாள். பதில் வந்ததும் சத்தமாகப் படித்துக் காட்டுவாள். அவர் அடங்கிவிடுவார். டீயைக் குடிப்பார். மறுநாள் மறுபடியும்.

“நானே கத்திகீறேன். நேத்துதான சொன்னேன், எத்தினி வாட்டி சொல்றதுன்னு. பெத்த பொண்ணு நான். அக்கா ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, ‘அதான் சொன்னேனே’ன்னு சொல்லல.”

அப்பா போன மூன்றாம் நாள், விஷயத்தைச் சொல்லி, இனிமேல் தொந்தரவு இருக்காது என்று அக்காவுக்குத் தனியாக எழுதியதாகச் சொன்னாள். அதற்கு வந்த பதிலைப் போனில் எடுத்துக் காட்டினாள். கோகுல்நாத் திறக்காமல் விட்ட தனிக் கடிதங்களோடு இருந்தது அது.

‘நாளைக்கும் கேளுங்க சுதா. நான் பதில் சொல்றேன். அவர் காத்திருப்பார்.’

“அதுலேர்ந்து கேட்டுகினு கீறேன். மீனு ரெண்டும் பத்து நாள்ல பூட்ச்சி. புது போட்டோக்கு எங்க போறது? கடைசியா எடுத்ததயே போடறேன். மோட்டார நிறுத்தாதீங்கன்னு அக்கா எழுதுவாங்க. நிறுத்தல.”

மோட்டார் ரீங்கரித்தது. சுதா உள்ளே போய்ப் பால் காய்ச்சினாள். மூன்று டம்ளர்களில் டீ கொண்டுவந்தாள். ஒன்றை அவனிடம் கொடுத்தாள். ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டாள். மூன்றாவதைப் படத்துக்குக் கீழே இருந்த சின்ன ஸ்டூலில் வைத்தாள். ஆவி பறந்தது.

“அக்காவுக்கு நீங்க இன்னா ஓணும்?”

“வீட்டுக்காரர்.”

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “உனக்கே முப்பது இருக்குமா? அப்ப அக்கா?”

“இருபத்தொன்பது.”

“சின்னப் பொண்ணு,” என்றாள் மெதுவாக. “நான் அக்கா அக்கான்னு.” டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “எப்போ பா?”

அவன் களத்தில் யாரிடமும் சொல்லியிராததை அவள் கேட்டுவிட்டாள். ஆடியில் என்று சொன்னான். எப்படித் தெரியும் என்று கேட்டான்.

“டீ கேக்கறது நின்னு போச்சு. மத்ததெல்லாம் சரியாத்தான் கீது. வேற யாரோ எழுதறாங்கன்னு புரிஞ்சுது. ஆனா தெனம் தெனம் புதுசா எழுதறாங்க, சலிச்சுக்கல. இது யாரோ அந்தப் பிள்ளைய விட முடியாத ஆளுன்னு நெனச்சேன். நானு கேக்கறத விட்டா அந்த ஆளு இன்னா ஆவாங்களோன்னு இருந்துது.”

இத்தனை நாள் தான்தான் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருப்பதாக அவன் நினைத்திருந்தான்.

வினோத் சொன்னதை அவளிடம் சொன்னான். இன்றைக்கு ஒரு நாள் விட்டுவிடலாம், பிறகு வேறு மாதிரி கேட்கலாம் என்று சொல்லத்தான் வந்தேன் என்றான். சொல்லும்போதே அது இந்த வீட்டுக்குப் பொருந்தாத பேச்சாகத் தோன்றியது.

சுதா மறுக்கவில்லை. “வேற மாரி அவருக்குக் கேக்கத் தெரியாது பா,” என்றாள்.

ஐந்து நாற்பது ஆனது. அவள் போனை எடுத்து எழுதினாள். அவன் சட்டைப் பையில் கிருஷ்ணப்பிரியாவின் போன் ஒலித்தது. ஒரு கூடத்தில், நாலடி இடைவெளியில், இறந்தவர் கேட்ட கேள்வி இறந்தவளுக்கு வந்து சேர்ந்தது. காய்ந்த தொட்டியைப் பார்த்தபடி அவன் பதில் எழுதினான். கால் பங்கு தண்ணீர். இரை வேண்டாம். மோட்டார் ஓடட்டும். வெள்ளையாகத் தெரிந்தாலும் பயப்பட ஒன்றுமில்லை, உள்ளே அது தன்னைத் தானே சரி பண்ணிக்கொண்டிருக்கிறது. கடைசியில், ஆடிக்குப் பிறகு முதல் முறையாக, அந்த வரியையும் சேர்த்தான். டீ குடிச்சீங்களா ஐயா?

சுதா எழுந்து நின்று, படத்தைப் பார்த்து, அதைச் சத்தமாகப் படித்தாள். காது மந்தமானவருக்குப் படிக்கிற மாதிரி, நிறுத்தி நிறுத்தி. படித்துவிட்டு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அடுத்த நிமிடமே வினோத் எழுதிவிட்டான். ‘சாரிக்கா. எடுக்கறேன்.’

கோகுல்நாத் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் எழுதியிருக்க மாட்டான். நாலாயிரம் பேரும் பார்க்கிற பக்கத்தில், கேள்விக்கும் பதிலுக்கும் கீழே, எழுதினான்.

‘வினோத், துலுக்கானம் ஐயா வைகாசியில் காலமாகிவிட்டார். கிருஷ்ணப்பிரியா ஆடியில் காலமாகிவிட்டாள். நான் அவள் கணவன். நாளைக்கும் இந்தக் கேள்வி வரும். பதிலும் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.’

அனுப்பிவிட்டுப் போனை முழங்காலில் கவிழ்த்து வைத்தான். அவள் இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தவர்கள் எல்லோருக்கும் இப்போது தெரிந்திருக்கும். வெளியே ஏரியில் ஒரு பறவைகூடக் கத்தவில்லை. வெகு நேரம் கழித்துப் போன் ஒரு முறை அதிர்ந்தது. வினோத்திடமிருந்து இரண்டே சொல். ‘சரிண்ணா. கேக்கட்டும்.’

சுதா டம்ளர்களை எடுக்க எழுந்தாள். படத்தின் கீழே குனிந்தவள் நிமிரவில்லை. ஸ்டூலிலிருந்த டம்ளரை எடுத்து, திரும்பி, அவன் பார்க்கும்படி சாய்த்தாள்.

காலி. அடியில் கொஞ்சம் டீத்தூள் கசடு. விளிம்பில் வாய் வைத்த ஈரம்.

டீ வைத்ததிலிருந்து இரண்டு பேரும் கூடத்தை விட்டு நகரவில்லை. வீட்டில் வேறு ஆளும் இல்லை.

“கேட்டா குடிப்பாரு,” என்றாள் சுதா. குரலில் வியப்பு இல்லை. “வைகாசிக்கு அப்பறமும் குடிச்சாரு, ஆடி வரைக்கும். அதுக்கப்பறம் அப்டியே ஆட கட்டிக் கெடக்கும். நான்தான் தெனம் கொட்டிகினு இருந்தேன்.”

கோகுல்நாத் தன் டம்ளரைப் பார்த்தான். தொடவே இல்லை, ஆடை கட்டியிருந்தது. எடுத்து, ஒரே மூச்சில் குடித்துவிட்டு, அவளிடம் கொடுத்தான்.