வாங்குபவர் நீங்கள்தானா

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குக் கோரின் கணினியைத் திறந்தபோது, முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் திட்டி வைத்திருந்தார்கள். அவளை இல்லை, கம்பெனியை. ஆனால் பதில் சொல்லச் சம்பளம் வாங்குகிறவள் அவள்தான்.

அறுபது வருடமாக ரைஃபிள் மட்டுமே செய்துவந்த டன்லிக் கம்பெனி, முதல்முறையாக ஒரு ரிவால்வரை அறிவித்திருந்தது. ஆறு குண்டு, நாலு அங்குலக் குழல், வால்நட் மரக் கைப்பிடி. விலை தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது டாலர். அந்தப் படத்துக்குக் கீழேதான் துப்பாக்கிப் பித்தர்கள் நாலா திசையிலிருந்தும் வந்து கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ரைஃபிள்காரன் ரிவால்வர் செய்வது பேக்கரிக்காரன் சைக்கிள் செய்வது மாதிரி."

"இந்தக் காசுக்கு வேறு நல்ல ரிவால்வர் வாங்கி, மிச்சத்தில் ஒரு வருடத்துக்குக் குண்டும் வாங்கிவிடுவேன்."

"குறிபார்க்கிற பின்முனையை நகர்த்தக்கூட முடியாதாம். படம் அழகாக இருக்கிறது. படத்தை மட்டும் விற்பீர்களா?"

நடுவில் ஒருவர் மட்டும் உருகியிருந்தார். செத்துப்போன அண்ணனின் டன்லிக் ரைஃபிளுக்கு ஜோடி கிடைத்துவிட்டதாம், விலை ஒரு பொருட்டே இல்லையாம். அவருக்குக் கீழே பதினேழு பேர் அவரைக் கிண்டல் செய்திருந்தார்கள்.

கோரின் பதில் சொல்ல ஆறு வாக்கியங்கள் இருந்தன. மேலாளர் பிரெண்டன் எழுதி, வக்கீல் பார்த்து, அச்சடித்து அவள் மேசையில் ஒட்டியது. விலையைப் பற்றிக் கேட்டால் நான்காவது: 'தரத்துக்கு ஏற்ற விலையே நாங்கள் வைக்கிறோம்.' எதிலும் சேராததைச் சொன்னால் இரண்டாவது: 'டன்லிக் குடும்பத்தில் ஒருவராக இருப்பதற்கு நன்றி.' ஏழாவது வாக்கியம் எழுத அவளுக்கு அனுமதி இல்லை. அவளுடைய பிராட்டர் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். நாலு வருடம் இலக்கியம் படித்துப் பட்டம் வாங்கியது, ஆறில் ஒன்றைப் பொறுக்கிப் போடுவதற்கு.

நாலு, நாலு, நாலு, இரண்டு, நாலு என்று போட்டுக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள்.

"முழு விலை கொடுக்கிறவன் முட்டாள். என் மகள் டன்லிக் ஆபீசில் இருக்கிறாள். அறுநூற்றுப் பத்துக்கு எனக்கு எடுத்துத் தருகிறாள். காசைத் தயாராக வைத்துவிட்டேன்."

எழுதியவர் பெயர் 'இருபத்தாறு வருடக் கடைசல்காரன்'. இருநூறு பேருக்கு அது பிடித்திருந்தது.

இருபத்தாறு வருடம் டன்லிக்கில் குழல் கடைந்து, முதுகு போய் வீட்டுக்கு வந்த ஹார்லஸ் பிராட்டர் அவளுடைய அப்பா. வேலையில் இருக்கிறவர்களுக்குக் கம்பெனி வருடத்துக்கு ஒரு துப்பாக்கியைக் குறைந்த விலைக்குக் கொடுக்கும். ஓய்வு பெற்றவர்களுக்குக் கிடையாது. எட்டு மாதமாக நாற்காலியில் உட்கார்ந்து தட்டச்சு செய்கிறவளுக்கு உண்டு, எட்டாயிரம் குழல் கடைந்தவருக்கு இல்லை. அந்த ஆத்திரம் நியாயமானது என்பதில் கோரினுக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் போன மாதமே தன் பெயரில் ஒன்றுக்குப் பதிவு செய்திருந்தாள், அவருடைய பிறந்தநாளுக்குப் பரிசாகக் கொடுக்கலாம் என்று. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் அதை அவரிடம் சொன்னதுதான் தப்பு.

சாயங்காலம் சமையலறையில் அவர் அவித்த பயறும் சோள ரொட்டியும் தின்றுகொண்டிருந்தார். மேசையில் உப்புக் குப்பிக்குக் கீழே ஒரு கட்டு நோட்டு இருந்தது.

"வெண்டல் கூப்பிட்டான். துப்பாக்கி அவன் கடைக்கு வந்துடுச்சாம்" என்றார். "சனிக்கிழமை காலையில போலாம். காசு அதுல இருக்கு, எடுத்து வெச்சுக்க."

"அப்பா, அதை எடுத்து உள்ள வைங்க."

"ஏன், கள்ள நோட்டா?"

"கடையில ஒரு படிவம் எழுதணும்ல? 'உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா'ன்னு அதுல ஒரு கேள்வி இருக்கு. உங்க காசை வாங்கிட்டு உங்களுக்காக நான் வாங்கினா, ஆமான்னு எழுதறது பொய். ஜெயில்ல போடுவாங்க."

ஹார்லஸ் கரண்டியைக் கீழே வைத்தார். "எனக்குத் துப்பாக்கி வாங்க உரிமை இல்லையா? நான் என்ன கொலைகாரனா? அந்த அலமாரில பதினாலு இருக்கு. எல்லாம் நானே படிவம் எழுதி வாங்கினது."

"ஆமா, உங்க பேர்ல வாங்கினது. இதையும் உங்க பேர்ல வாங்குங்க."

"என் பேர்ல வாங்கினா தொள்ளாயிரத்து அறுபத்தொம்பது."

"ஆமா."

"அப்புறம் உன் பேரு எதுக்குடி இருக்கு?"

கோரின் நோட்டுக் கட்டை அவர் பக்கம் தள்ளிவைத்தாள். பிறகு, "என் காசுல வாங்கி உங்களுக்குப் பரிசாக் குடுக்கறேன். அதுக்குச் சட்டம் ஒண்ணும் சொல்லாது. நான் நெனச்சதே அதுதான்" என்றாள்.

"பொட்டப்புள்ள சம்பாதிச்ச காசுல ஹார்லஸ் துப்பாக்கி வாங்குறானா?" அவர் சிரித்தார். சிரிப்பில் சிரிப்பு இல்லை. "டென்சில் காதுல விழுந்தா நான் அந்தக் கடைப் பக்கமே தலை காட்ட முடியாது. நாலு வருஷம் காலேஜுக்கு அனுப்பினது எனக்குச் சட்டம் சொல்லித் தரதுக்கா? என் வண்டியில ஏறிப் போய்ப் படிச்சவதான நீ?"

ஆமாம், அவர் வண்டியில் போய்த்தான் படித்தாள். இன்னும் அவர் வண்டியில்தான் வேலைக்குப் போகிறாள், அவர் கூரைக்குக் கீழேதான் தூங்குகிறாள். லெக்சிங்டன் நகரத்தில் இருக்கும் தோழி ஓர் அறை பார்த்து வைத்திருந்தாள். முதல் தேதிக்குள் முன்பணத்தில் தன் பாதியைக் கொடுத்தால் கோரின் போய்ச் சேர்ந்துகொள்ளலாம். எட்டு மாதமாக அதற்குக் காசு சேர்க்கத்தான் மத்தியானச் சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போனாள். இதை அவள் வீட்டில் சொல்லவில்லை. துப்பாக்கிக் காசைச் சம்பளத்தில் மூன்று தவணையாகப் பிடித்துக்கொள்வார்கள், சமாளித்துவிடலாம் என்றும் நினைத்திருந்தாள். ரிவால்வருக்கு மட்டும் தவணை கிடையாது, கடையில் மொத்தமாகக் கட்ட வேண்டும் என்று மறுநாள் வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

சனிக்கிழமை வெண்டல் ஸ்டிடமின் கடையில் எப்போதும்போலக் கூட்டம். மீன் தூண்டிலும் மாட்டுத் தீவனமும் துப்பாக்கியும் விற்கிற கடை. காசு கொடுத்து எதையும் வாங்காமல் காப்பியை மட்டும் குடித்துத் தீர்க்கிற ஏழெட்டுப் பேர் கல்லாவைச் சுற்றி நின்றார்கள். டென்சில் கையில் அந்த ரிவால்வர் இருந்தது. ஹார்லஸோடு பக்கத்து எந்திரத்தில் நின்றவன் அவன், ஊரில் யார் என்ன வாங்கினாலும் குறை சொல்கிறவன்.

"வந்துட்டாருய்யா, அறுநூத்திப் பத்து" என்றான் டென்சில். "வா ஹார்லஸ். உன் சீமாட்டியப் பாரு. கைப்பிடி அழகு. மத்ததெல்லாம் அம்பது வருஷத்துக்கு முந்தி போலீஸ்காரன் இடுப்புல தொங்கினது."

"முழுசா காசு குடுக்கிறவன் பேசட்டும்" என்றார் ஹார்லஸ்.

டென்சில் குண்டு போடுகிற சிலிண்டரைத் திறந்து, காலி என்று காட்டி, மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டி அதை மூடினான். டப்பென்று சத்தம் கேட்டது. கல்லாவுக்குப் பின்னால் வெண்டல் துள்ளினான்.

"அடப்பாவி! சினிமாவா காட்டுற? அப்படி மூடினா இருசு வளைஞ்சிடும். அது இன்னும் விக்காத சரக்குடா!"

"வித்தாச்சுன்னுதான நெனச்சேன்" என்று டென்சில் கோரினைப் பார்த்துக் கண்ணடித்தான். "காலேஜு, கையெழுத்தப் போடு. உங்கப்பனுக்குக் கை அரிக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். வெண்டல் படிவத்தையும் பேனாவையும் நகர்த்திவைத்தான். கோரின் பெயர், முகவரி, பிறந்த தேதி எழுதினாள். அடுத்தது அந்தக் கேள்வி. அதற்குமுன் பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டது. ஹார்லஸ் நோட்டுக் கட்டைப் படிவத்தின் மேலேயே வைத்தார்.

"இந்தா வெண்டல், என் காசு. எண்ணிக்க."

காப்பி குடிக்கிறவனும் குவளையை வாயிலிருந்து எடுத்துவிட்டான். அங்கே நின்ற ஒவ்வொருவனும் வாழ்க்கையில் இருபது முப்பது முறை அந்தப் படிவத்தை நிரப்பியிருந்தான். நோட்டுக் கட்டுக்கு என்ன அர்த்தம் என்று எவனுக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. உலகத்தில் உள்ள எல்லாத் துப்பாக்கியின் எடையும் தெரிந்த ஹார்லஸ், தன் மகளை மாட்டிவிடுகிற இந்த ஒரு காரியத்தை எல்லோர் கண் முன்னாலும் செய்துவிட்டு, மீசையைத் தடவிக்கொண்டு நின்றார்.

வெண்டல் கூரையைப் பார்த்தான். "நான் தீவனக் கணக்குப் பாத்துட்டு இருந்தேன். ஒண்ணையும் பாக்கல" என்றான் மெதுவாக. "காச ஒரு தடவை உள்ள எடுத்து வெச்சுட்டு, மறுபடியும் மொதல்லேருந்து வாங்க ஹார்லஸ்."

"நாங்களும் பாக்கல" என்றான் டென்சில். "எழுதும்மா. இதெல்லாம் ஊர்ல நடக்கறதுதான்."

அவர்கள் நல்லது செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதைத்தான் கோரினால் தாங்க முடியவில்லை. ஆமாம் என்று எழுதினால், ஏழெட்டு ஆண்கள் சேர்ந்து மூடி மறைத்த பொய்க்கு அடியில் அவள் பெயர் மட்டும் கிடக்கும். டென்சிலுக்கு என்றைக்குக் குடித்துவிட்டு உளறத் தோன்றுகிறதோ அன்றைக்கு அவள் மாட்டுவாள். இல்லை என்று எழுதினால் அப்பா இந்தக் கடையில் இனி நிமிர்ந்து நிற்க முடியாது, அவள் அந்த வீட்டில் நிம்மதியாகச் சோறு தின்ன முடியாது. வாசல் பக்கம் பார்த்தாள். வாசலில் நிற்பதும் அவருடைய வண்டிதான்.

நோட்டுக் கட்டை எடுத்து அப்பாவின் சட்டைப் பையில் செருகினாள்.

"என்னடி பண்ற?"

"வெண்டல் அண்ணா, இது எனக்கு" என்றாள். பையிலிருந்து வங்கி அட்டையை எடுத்துக் கல்லாவில் வைத்தாள். "என் காசு. என் துப்பாக்கி. நானே வெச்சுக்கப் போறேன்."

வெண்டல் அவள் முகத்தையே பார்த்தான். "வீட்டுக்குப் போனதும் கை மாறாதுல்ல? மாறும்னா இப்பவே சொல்லிடு. பெட்டிய உள்ள வெச்சுடறேன், யாருக்கும் நட்டமில்ல."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். பெட்டி உள்ளே போயிருக்கும், லெக்சிங்டன் அறை கையில் இருந்திருக்கும். ஆனால் அப்பா அந்தக் கடையிலிருந்து வெறுங்கையோடு வெளியே போவதை டென்சில் பார்த்திருப்பான். அவளுக்கு அவர் மேல் அவ்வளவு கோபம் இருந்தது, அப்படியும் அதை அவளால் பார்க்க முடியாது. தன் மேலேயே எரிச்சல் வந்தது.

"மாறாது. பிறந்தநாளுக்கும் மாறாது."

நோட்டுக் கட்டை இத்தனை பேர் பார்த்தபிறகு, இனி பரிசு என்றாலும் அது பொய்யாகத்தான் தெரியும். ஆமாம் என்ற கட்டத்தில் குறி போட்டாள். அப்போதைக்கு அது உண்மை. உண்மையாக ஆக்குவதற்கு, எட்டு மாதமாகக் கட்டிக்கொண்டு போன சாப்பாடு செலவானது.

வெண்டல் அட்டையைத் தேய்த்து, தொலைபேசியில் அவள் பெயரைச் சரிபார்த்து முடித்தான். பெட்டியை அவள் கையில் கொடுத்ததும் டென்சில்தான் வாயைத் திறந்தான்.

"பரவால்ல ஹார்லஸ். நம்ம ஊர்ல இதை வாங்கின மொத ஆளு உன் பொண்ணுதான்."

"ம்" என்றார் ஹார்லஸ்.

திரும்பும் வழியில் பன்னிரண்டு மைலும் அவர் ரேடியோவைப் போடவில்லை. பெட்டி அவள் மடியில் இருந்தது. பாலம் தாண்டியதும் ஒரே ஒரு தடவை பேசினார்.

"சும்மா ஒரு பொய். ஒரு குறி போட்டா போதும். அப்பனுக்காக அதக்கூட உன்னால பண்ண முடியல."

"உங்களுக்காகத்தான் வாங்கியிருக்கேன்ப்பா. குடுக்கத்தான் முடியாது."

அவர் வேகத்தைக் கூட்டினார். அவ்வளவுதான்.

முதல் தேதி வந்தது. லெக்சிங்டன் அறைக்கு வேறு ஒருத்தி போனாள். ரிவால்வர் கோரினின் துணி அலமாரியில், குளிர்காலக் கம்பளிகளுக்கு அடியில் கிடந்தது. பதினாலு துப்பாக்கி இருக்கிற அலமாரியில் அதை வைக்க ஹார்லஸ் விடவில்லை. அவளுக்கு அதைச் சுடவும் பிடிக்கவில்லை. விற்கலாம் என்றால், விற்ற மறுநாளே அது எப்படியாவது அப்பா கைக்குத்தான் வந்து சேரும், ஊர் அப்படி. சாப்பாட்டு வேளையில் அவர் உப்பைக் கேட்பார், அவள் நகர்த்துவாள். சனிக்கிழமைகளில் அவர் வெண்டல் கடைக்குத் தனியாகப் போனார். எப்படிச் சுடுகிறது என்று யாராவது கேட்டால் "அவள்ட்ட கேளு" என்று சொல்வதாக வெண்டல் ஒரு நாள் அவளிடம் சொன்னான்.

மாதக் கடைசியிலும் படத்துக்குக் கீழே சண்டை ஓயவில்லை. விலையைக் குறைக்கும்வரை கடைப்பக்கம் போகாதீர்கள் என்று ஒருவன் எழுத, நானூறு பேர் அதற்கு ஆமாம் போட்டிருந்தார்கள். வேறொருவன், "இத்தனை பேர் பேசுகிறோமே, இதை உண்மையில் காசு கொடுத்து வாங்கியவர் யாராவது இருக்கிறாரா?" என்று கேட்டிருந்தான். அதற்கு அடியில் இருபத்தாறு வருடக் கடைசல்காரன் பதில் எழுதியிருந்தார், விடியற்காலை ஐந்து மணிக்கு.

"எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது. ஒரு தடவைகூட சுட்டதில்லை. யாருக்கும் பிரயோசனம் இல்லை."

கோரின் அதை மூன்று முறை படித்தாள். பக்கத்து அறையிலிருந்து பிரெண்டன் எட்டிப் பார்த்தான்.

"அந்த ஆளுக்கு ஏதாவது போடுங்க கோரின். பழைய வாடிக்கைக்காரர் மாதிரி தெரியுது. அப்படியே விட்டா நல்லா இருக்காது."

"சரி சார்."

மேசையில் ஒட்டியிருந்த காகிதத்தை மேலிருந்து கீழே பார்த்தாள். ஏழாவது வாக்கியம் ஒன்று அவளிடம் இருந்தது. அதற்குத்தான் இடமில்லை. விரல்கள் தாமாகவே இரண்டாவதை எடுத்துப் போட்டன.

'டன்லிக் குடும்பத்தில் ஒருவராக இருப்பதற்கு நன்றி.'

அடுத்தது விலையைப் பற்றிய கேள்வி. நாலு.