கறுப்பு காட்டாத திரை

"விளக்கை அணைங்க, பாஸ்."

பிரேமலா இதைக் கேட்கவே கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ரூபேந்திரன் சொல்லியிருந்தான்: "என்ன வேணா கேளு, லீவு கூட கேளு. கஸ்டமர் முன்னால லைட்ட மட்டும் அணைக்கச் சொல்லாத." தம்போய் வட்டாரத்தில் இருந்த அந்த ஹேண்ட்போன் கடையில் பட்டப்பகலிலும் எட்டுக் குழல்விளக்குகள் எரியும். ஏன் என்று அவள் கேட்கவில்லை. மின்னணுவியல் படித்துவிட்டு அது கூடவா புரியாது?

"என்ன சொன்ன?" ரூபேந்திரன் சிரித்தான். எதிரே ஆள் நின்றதால் சிரித்தான்.

நின்றவள் வெள்ளையம்மா. செடெனாக்கிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். தொழிற்சாலையில் கூட்டிப் பெருக்கும் வேலை, பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். வீட்டில் சுகமில்லாத புருஷன் தனியே கிடப்பார். போன மாதம் உடைந்த திரையை இந்தக் கடையில்தான் மாற்றினாள். அன்றிலிருந்து மத்தியானத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. செவ்வாய்க்கிழமை அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு ஒடிந்து, கையிலிருந்த போனில் பதினோரு தடவை அவளைக் கூப்பிட்டிருக்கிறார். அவள் போன் செத்துக் கிடந்தது. ராத்திரி அவள் போய்க் கதவைத் திறக்கும்வரை அவர் ஈரத் தரையிலேயே கிடந்தார்.

"பேட்டரி போச்சுக்கா," என்றான் ரூபேந்திரன். "பழைய போன் லா. புதுசு போட்டுரலாம்."

"பேட்டரி இல்ல பாஸ். போன மாசம் நானே டெஸ்ட் பண்ணேன், நல்லாருந்துச்சு. ஒரு நிமிஷம் அணைங்க. கெஞ்சிக் கேக்குறேன்."

"பிரேமலா, உள்ள போ."

போயிருக்கலாம். எட்டு மாதம் வீட்டில் கிடந்து, எழுபது இடத்துக்கு எழுதிப் போட்டு, கூப்பிட்டது இந்த ஒரு கடைதான். அம்மா தினமும் வாசலில் நின்று சொல்லித்தான் அனுப்புவாள், "வாய வச்சுக்கிட்டு சும்மா இருடி." ஆனால் அந்த ஈரத் தரை அவள் கண்ணைவிட்டுப் போகவில்லை. போய் ஷட்டரைப் பிடித்து இழுத்தாள். அது தடதடவென்று தரைவரை இறங்கியது.

பழுது பார்க்கும் மேசையிலிருந்து ஹாரூன் நிமிர்ந்தான். "அலமாக், போச்சுடா," என்றான் வாய்க்குள். சுவிட்ச் அவன் தலைக்கு மேலே இருந்தது. முதலாளியைப் பார்த்தான், பிரேமலாவைப் பார்த்தான். கடை இருண்டது.

"ஹாரூன்!"

"கை பட்டுருச்சு பாஸ்."

பிரேமலா ஷோகேஸிலிருந்து அதே மாடல் போனை எடுத்து வெள்ளையம்மாவின் போனுக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டிலும் வெறும் கறுப்புப் படத்தைத் திறந்து, வெளிச்சத்தை முழுக்க ஏற்றினாள். ஷோகேஸ் போன் இருந்த இடம் தெரியவில்லை. வெள்ளையம்மாவின் போன் மட்டும் சாம்பல் நிறத்தில் சதுரமாகக் கசிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் வெள்ளையம்மாவின் மோவாய் தெரிந்தது.

"கடைப் போன்ல ஒவ்வொரு புள்ளியும் தானே எரியுதுக்கா. கறுப்புன்னா அந்தப் புள்ளி அணைஞ்சிரும். ஓலெட்னு சொல்வாங்க. உங்க போனும் அப்படித்தான் வந்துச்சு. நாங்க மாத்திப் போட்டது எல்சிடி. அதுல பின்னால ஒரு விளக்கு இருக்கு, கறுப்பக் காட்டினாலும் அது எரிஞ்சுக்கிட்டே இருக்கும். எல்சிடின்னாலே மட்டம்னு இல்ல. அதுக்குன்னு செஞ்ச போன்ல நல்லா ஓடும். இது மலிவு சாமான். உங்க சார்ஜக் குடிக்குது."

வெள்ளையம்மா ரூபேந்திரன் பக்கம் திரும்பவே இல்லை.

"நீதானே ஒரிஜினல் மாதிரியே இருக்கும்னு சொன்ன?"

பிரேமலா ஒத்துக்கொண்டாள். "ஆமாக்கா."

"அந்தப் படத்தப் பாத்துத்தானடி நம்புனேன்."

இருட்டில் வெள்ளையம்மாவின் கை சுவர்ப் பக்கம் நீண்டது. அங்கே தொங்குவது பிரேமலா பட்டமளிப்பு அங்கியோடு ஸ்டுடியோவில் எடுத்த படம். குடும்பத்திலேயே முதல் பட்டம். சேர்ந்த இரண்டாம் நாள் ரூபேந்திரன் கேட்டு வாங்கி மாட்டினான். "படிச்ச புள்ள சொன்னா நம்ம ஆளுங்க மறுபேச்சு பேச மாட்டாங்க." அம்மாதான் துடைத்து, துணி சுற்றிக் கொடுத்தாள்.

விளக்குகள் எரிந்தன. ஹாரூன் ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டான்.

"நல்ல ஸ்கிரீனா இப்பவே மாத்தித் தர்றேன்கா, காசு வேணாம்," என்றான் ரூபேந்திரன். வெள்ளையம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். வேறென்ன செய்வாள்? அவளுக்குச் சாகாத போன் வேண்டும். பிறகு அவன் பிரேமலாவிடம் வந்து குரலைத் தாழ்த்தினான். "சரி, முடிஞ்சுது. நாளைக்கு வழக்கம்போல வா. நான் மனசுல வச்சுக்க மாட்டேன்."

"மத்தவங்களுக்கு ரசீதுல எல்சிடின்னு எழுதுவீங்களா?"

"யாருமா ரசீதப் படிக்கிறா?"

"அப்ப எழுதலாமே."

"எழுதினா எவன் மாத்துவான்? உங்கம்மாவ நெனச்சுப் பாரு. இந்த வேலைய விட்டா உனக்கு என்ன இருக்கு?"

ஒன்றும் இல்லை. அது அவளுக்குத் தெரியும். ஆனால் வெள்ளையம்மாவின் கை சுவரைக் காட்டியபோதே எல்லாம் முடிவாகிவிட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, படத்தைக் கழற்றினாள்.

"ஏய், போறதுன்னா போ. படம் இருக்கட்டும் லா," என்றான் ரூபேந்திரன்.

"பாத்தீங்களா பாஸ், நான் இல்லாட்டியும் பரவால்ல உங்களுக்கு."

சட்டத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். வெள்ளையம்மா தலை நிமிரவில்லை. பிரேமலா குனிந்து, பாதி ஷட்டருக்கு அடியில் நுழைந்து, வெயிலில் இறங்கி நடந்தாள்.