மாமனார் விதைத்த கம்பு

என் மாமனார் வேல்சாமி அவர்கள் புரட்டாசி மாதத்தில் காலமானார். மறுநாளே பசுவந்தனைப் பக்கம் நல்ல மழை பெய்தது. நிலம் கால் வைக்கும் அளவுக்கு உலர்ந்ததும் ஊரார் அனைவரும் விதைப்பதற்குக் கிளம்பிவிட்டார்கள். எங்கள் வீட்டார் மட்டும் கிளம்ப இயலவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடியும் வரை பங்காளிகள் விதையைத் தொடலாகாது என்பது அவ்வூர் வழக்கம். அதற்குள் கரிசலில் ஈரம் போய்விடும்.

நான் முற்றத்தில் வாடகை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். எல்லோருக்குமே கை கால் ஓய்ந்திருந்தது. அத்தை பாலம்மாள் அடுக்களை வாசலில் நின்று என்னை அழைத்தார்.

"மருமவனே, நீங்க எங்களுக்குப் பங்காளி இல்லைல்லா?"

"இல்லை அத்தை."

"அப்பம் உங்களுக்குத் தீட்டு இல்ல. இசக்கிதுரை டிராக்டரைக் கூட்டிட்டுப் போயி உளுந்தைப் போட்டுட்டு வந்திருங்க."

நான் கோவில்பட்டியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் பணிபுரிகிறவன். திருமணமான நாள் முதல் அந்த நிலத்தைச் சாலையில் நின்று பார்த்ததோடு சரி. "எனக்கு விதைக்கத் தெரியாதே அத்தை" என்று தயங்கினேன்.

"டிராக்டருக்குத் தெரியும்" என்றார்.

பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "சதீஷு என்னைய மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போறேங்கான். ஆறாவது மாடியில வீடு. அங்கன போயி நான் என்ன செய்ய? வெள்ளாமை நிக்குதுன்னா வரலைன்னு சொல்லிக்கிடலாம். நிலம் சும்மா கெடந்தா என்னத்தச் சொல்ல?"

அதற்கு மேல் மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

மைத்துனர் சதீஷ்குமார் வாசலில் அமர்ந்திருந்தார். நான் கிளம்புவதைப் பார்த்து, "அத்தான், நீங்களுமா?" என்று மட்டும் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. கோபப்படும் தெம்பு அவரிடம் இல்லை. அவர் கல்லூரியில் படித்தபோது விடுதிச் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரே ஒருமுறை சொன்னாராம். அன்று முதல் மாமா தூக்குவாளியுடன் தினமும் முதல் பேருந்தில் வந்து நின்றாராம். கூடப் படித்தவர்கள், "ஏலே, ஒன் ஓட்டல் வந்துட்டுடே" என்று கேலி செய்வார்களாம். அப்படிப்பட்டவரின் மகன், தாயைத் தனியே விட்டுச் செல்ல விரும்பாததில் குற்றம் காண என்னால் இயலவில்லை.

டிராக்டரில் ஏறியதும் இசக்கிதுரை என்னை மேலும் கீழும் பார்த்தார். "மாப்ள, பேண்டை மடிச்சு விடுங்க. இல்லைன்னா கரிசல் உருவிக்கிடும். பொறவு எங்க ஊருக்குத்தான் கெட்ட பேரு."

வழியெல்லாம் மாமாவைப் பற்றியே பேசிவந்தார். எனக்கும் பேச ஒன்று இருந்தது. என் மகள் காவியா சைக்கிள் பழகியபோது, செருப்புக் காலோடு பின்னால் ஓடி ஓடிப் பிடித்தவர் அவர். குதிகால் வீங்கியதை ஊருக்குத் திரும்பும் வரை ஒருவரிடமும் காட்டவில்லை. அதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தபோது டிராக்டர் நின்றுவிட்டது.

"என்ன மாப்ள, ஏற்கெனவே வெதைச்சிருக்கு?"

நிலத்தின் கால் பங்கு அளவுக்குப் பச்சை தெரிந்தது. விரல் உயரப் பயிர், கோடு கிழித்தாற்போல வரிசையாக நின்றது. இசக்கிதுரை இறங்கி ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தார். "கம்பு. மழைக்கு முன்னாலயே புழுதியில ஊனியிருக்காரு. களைக்கொத்தி வச்சுக் கீறின கோடு. டாக்டரு காட்டுப் பக்கமே போகக் கூடாதுன்னாராம்லா? இந்த ஊருல இன்னும் கம்பு போட்டது அவரு ஒருத்தருதான். அத்தைக்குன்னே போடுவாரு."

"இதை விட்டுவிட்டு மற்ற இடத்தில் மட்டும் உளுந்து போடலாமா?" என்று கேட்டேன்.

"போடலாம். ஆனா கதிரு பிடிச்சா விடிஞ்சதுல இருந்து குருவி வெரட்ட ஆளு நிக்கணும். அவரு தகரத்தைத் தட்டிக்கிட்டு நிப்பாரு. இனி யாரு நிப்பா?"

அதை முடிவு செய்யும் உரிமை எனக்கு இல்லை என்று தோன்றியதால் அத்தையைத் தொலைபேசியில் அழைத்தேன். விவரத்தைச் சொன்னேன்.

"உங்க மாமா கடைக்குப் போயிட்டு வாரேன்னுல்லா சொல்லிட்டுப் போவாவ" என்றார். "மருமவனே, எனக்குக் கம்பு ஒத்துக்கிடாது. நெஞ்சைக் கரிக்கும்."

நான் திகைத்துப் போனேன். "மாமாவுக்குத் தெரியாதா அத்தை?"

"கல்யாணம் ஆன புதுசுல அவிய அம்மா கம்பங்கூழு குடுத்தாவ. நல்லாருக்குன்னு மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டேன். அந்த வருசத்துல இருந்து எனக்குன்னே வெதைக்காவ. வெயில்ல நின்னு குருவி வெரட்டுன மனுசன்கிட்ட எப்படிச் சொல்ல? குடிச்சிட்டே இருந்துட்டேன்."

"இப்போது என்ன செய்யட்டும்?"

"அழிச்சிருங்க. முழுசும் உளுந்தே போடுங்க. என்னால அங்கன போயி தகரம் தட்ட முடியாது. குருவி தின்னு பதராப் போனா, பாத்தியா ஒன்னால முடியலைல்லான்னு சதீஷு வந்து நிப்பான்."

அந்தப் பச்சையை உழுதுவிடச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. இசக்கிதுரையிடம் கைபேசியைக் கொடுத்துவிட்டேன். "சரி அத்தை, சரி அத்தை" என்று இரண்டு முறை சொன்னார். பிறகு டிராக்டரில் ஏறி முதலில் அந்த மூலையைத்தான் உழுதார். பிந்தினால் தனக்கும் மனம் வராது என்றார். உளுந்து முழுவதும் விழுந்து முடிந்தபோது பொழுது சாய்ந்திருந்தது.

வீட்டில் அத்தை சுவரில் சாய்ந்து அமர்ந்திருந்தார். அருகில் மைத்துனர்.

"வெதை விழுந்தாச்சாம்லே" என்றார் அத்தை மகனிடம். "நீ போயிட்டு வா. தையில அறுப்புக்கு வா. பொறவு பாப்போம்."

"எதையாவது சொல்லி இங்கனயே இருந்துக்கிடுவீய" என்றார் மைத்துனர். வாதாடவில்லை. எழுந்து சென்று, அம்மாவுக்கும் சேர்த்து எடுத்திருந்த டிக்கெட்டில் ஓர் இருக்கையை ரத்து செய்யக் கைபேசியைத் திறந்தார்.

நான் கால் கழுவி வந்ததும் அத்தை மெல்லக் கேட்டார்.

"நல்லா மொளைச்சிருந்துச்சோ?"

"வரிசை தப்பாமல் முளைத்திருந்தது அத்தை. இடையில் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை."

"ம்" என்றார். பிறகு முந்தானையைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு வெறுந்தரையிலேயே படுத்தார். மாமா போன நாளிலிருந்து அவர் சரியாகப் படுக்கவில்லை என்று என் மனைவி பொன்மணி சொல்லியிருந்தாள். நான் விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தேன்.