திராட்சை பறிக்கப்பட்டது

1

மதினி குமுளிப் பேருந்தில் ஏறிப் போய்ப் பத்தொன்பது நாளும் மூன்று மணி நேரமும் ஆகின்றன. இப்போது மணி ஒன்று. நாலு மணிக்கு அவளுடைய அப்பா ஜீப்போடு வருகிறார். அவளுடைய பெட்டி, பீரோ, ஓவன் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போவதாகப் பேச்சு. ஏற்றிவிட்டால் அவள் திரும்பி வரப்போவதில்லை. அதற்குள் இந்தக் கதையை முடிக்க வேண்டும்.

என் பி.எஸ்ஸி. வேதியியல் ரெக்கார்டு நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் எழுதுகிறேன். வலப்பக்கம் கோடு போட்டிருக்கும், செய்முறை எழுத. இடப்பக்கம் வெள்ளையாக இருக்கும், படம் வரைய. கதை வலப்பக்கம் வரும். சந்தேகம் வந்தால் இடப்பக்கம் போவேன்.

இந்தக் கதை ஒரு டிரே கோழியிலிருந்து பிறந்தது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது உண்மையில்லை. ஒரு சொல்லிலிருந்து பிறந்தது. எங்கள் ஊரில் எல்லோரும் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிற சொல். அதை இப்போது எழுத மாட்டேன்.

2

மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

தொடக்கம் ஒன்று: "2006, ஒரு ஞாயிற்றுக்கிழமை. காமயகவுண்டன்பட்டியில் முதன்முதலாக ஒரு கோழி நெருப்பில்லாமல் வெந்தது."

(முதன்முதலாக என்பது எனக்கு எப்படித் தெரியும்? அடித்துவிட்டேன்.)

தொடக்கம் இரண்டு: "தேவயானி கோழியில் மருந்து வைத்தாளா?"

எங்கள் அம்மா அய்யம்மாள் எழுதினால் இப்படித்தான் தொடங்குவாள். மதினியின் பெயர் தேவயானி இல்லை, நான் வைத்தது. குமுளிக்காரி. என்னைவிட ஏழு மாதம் மூத்தவள். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பை என் அண்ணன் விஜயபாண்டி ஓட்டினான். அவள் அங்கே வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் ஒரு ஹோம்ஸ்டேயில் சமையல் செய்தாள். இருவரும் தாங்களாகவே முடிவு செய்து கல்யாணம் செய்துகொண்டார்கள். ஐந்து மாதம் ஆகிறது. அம்மாவால் அதை நம்ப முடியவில்லை. தன் மகன் தானாக முடிவு செய்வான் என்று அவள் என்றைக்குமே நினைத்ததில்லை. மலைக்கு அந்தப் பக்கம் மருந்து வைத்துவிட்டார்கள் என்றாள்.

[இடப்பக்கம்: எங்கள் பள்ளத்தாக்கில் மருந்து மூன்று. கடையில் வாங்கித் தின்பது. தோட்டத்தில் அடிப்பது. சோற்றில் வைத்து ஆளை மயக்குவது. பேசுகிறவர் எதைச் சொல்கிறார் என்று முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.]

தொடக்கம் மூன்று: "அன்று சாயங்காலம் அப்பா மூன்று தடவை வாந்தி எடுத்தார். அதற்குக் காரணம்"

இந்த வாக்கியம் இப்படியே நிற்கட்டும்.

3

செய்முறையை ரெக்கார்டு நோட்டில் எழுதுகிற மாதிரியே எழுதிவிடுகிறேன். அதில்தான் எனக்குப் பழக்கம்.

தேவையானவை: தோலோடு ஒன்றரைக் கிலோ கோழி. உருளைக்கிழங்கு நாலு. காரட் மூன்று. சின்ன வெங்காயம் இரண்டு கை. பூண்டு ஒன்று, உரிக்காமல். குமுளி மிளகு, உப்பு, எண்ணெய். பன்னீர்த் திராட்சை அரைக் கிலோ. ஓவன் ஒன்று (ஹோம்ஸ்டே நடத்தும் சேச்சி கல்யாணத்துக்குக் கொடுத்தது).

செய்முறை: கோழி பெரிய துண்டுகளாக வெட்டப்பட்டது. உப்பும் மிளகும் எண்ணெயும் தடவி ஒரு மணி நேரம் வைக்கப்பட்டது. காய்கள் டிரேயில் பரப்பப்பட்டு அவற்றின் மேல் கோழி வைக்கப்பட்டது. இருநூறு டிகிரியில் ஒரு மணி நேரம் வேகவிடப்பட்டது. இடையில் இருபது நிமிடம் மின்சாரம் நின்றது. கடைசிப் பதினைந்து நிமிடத்துக்குத் திராட்சை சேர்க்கப்பட்டது. திராட்சை தோட்டத்திலிருந்து பறிக்கப்பட்டது.

(இந்த இடத்தில் இன்னும் ஒரு வாக்கியம் வேண்டும். இரண்டு வரி காலியாக விடுகிறேன்.)




மூன்று வருடம் இப்படித்தான் எழுதினேன். உப்பு எடுத்துக்கொள்ளப்பட்டது. அமிலம் சேர்க்கப்பட்டது. எடுத்தது யார், சேர்த்தது யார் என்று எந்த ஆசிரியையும் கேட்டதில்லை. கேட்காதவரை எனக்கும் வசதியாக இருந்தது.

4

இனி ஆட்கள் பேச வேண்டும். அன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அம்மா அடுப்படி வாசலை விட்டு நகரவில்லை.

"என்னத்தா, அடுப்பப் பத்த வைக்கலையா?"

"இதுதான் அத்தை அடுப்பு."

"கிண்ட வேணாமா?"

"வேணாம்."

"தண்ணியாச்சும் ஊத்துனியா?"

"அதுவா விடும் அத்தை."

"அதுவா விடுமாம்" என்று அம்மா என்னைப் பார்த்துச் சொன்னாள். பிறகு ஓவன் பக்கம் குனிந்தாள். கண்ணாடியில் அவள் முகம்தான் தெரிந்தது. "தொற பாப்போம்."

"இப்பத் தொறக்கக் கூடாது. சூடு போயிரும்."

"எங்க வீட்டு அடுப்படில நான் பாக்கக் கூடாதோ?"

மதினி சிரித்தாள். "பேடிக்கண்டா அத்தை."

பயப்பட வேண்டாம் என்று அர்த்தம். ஹோம்ஸ்டேயில் நாக்கில் ஒட்டிக்கொண்ட மலையாளம். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"என்னடி சொன்னா? மந்திரமா?"

அர்த்தத்தைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. ஆனால் அப்போது நாலு பேர் இல்லை, மூன்று பேர்தான் இருந்தோம்.

டிரே வெளியே வந்தபோது வீடே மணத்தது. கோழித்தோல் பழுத்த இலை நிறத்தில் மொறுமொறுவென்று இருந்தது. திராட்சைகள் வெடித்து, சாறு கோழியின் கொழுப்போடு சேர்ந்து அடியில் தேங்கியிருந்தது. அதன் நிறம் கருஞ்சிவப்பு. ஓரிரு இடத்தில் நீலம்.

"கோழி ஏண்டி நீலமா இருக்கு?" என்றாள் அம்மா.

"பன்னீர்ப் பழம் சாயம் விடத்தான செய்யும்" என்றார் அப்பா. அவர் பெயர் சீனிச்சாமி. நாற்பது சென்ட் நிலத்தில் திராட்சைப் பந்தல் வைத்திருக்கிறார். "ஏலே விசயா, ஒம் பொண்டாட்டி கெட்டிக்காரி. கறியத் தின்னுட்டுப் பழம் திங்கிற வேலய மிச்சம் பண்ணிட்டா."

அண்ணன் கோழியைத் தின்றான். கறியில் இனிப்பு ஆகாது என்று பழத்தை ஓரமாகத் தள்ளினான். அம்மா பல்வலி என்று சொல்லி மோர் குடித்தாள். மதினி எல்லோருக்கும் போட்டுவிட்டு மிச்சமிருந்த கழுத்தும் காரட்டும் தின்றாள். அப்பா சோற்றை அந்தச் சாற்றில் பிசைந்து, டிரேயில் ஒரு பழம் விடாமல் வழித்துத் தின்றார். சாப்பிடும்போது ஏதோ கேட்டார். பதில் வந்தது.

[இடப்பக்கம்: திராட்சைத் தோலின் நிறமி அமிலத்தில் சிவக்கும், காரத்தில் நீலமாகும். சுண்ணாம்பு ஒரு காரம். இந்தக் குறிப்பு இங்கே எதற்கு வந்தது என்று இப்போது கேட்காதீர்கள்.]

5

நாலு மணிக்கு வாந்தி தொடங்கியது. கம்பத்தில் ஒரு டாக்டரிடம் அண்ணன் ஜீப்பிலேயே கொண்டுபோனான். குளுக்கோஸ் ஏறியது. மறுநாள் அப்பா இட்லி கேட்டார். இவ்வளவுதான் நோய்.

ஆனால் சந்தேகம் இறங்கவில்லை. வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

கோழி: மின்சாரம் நின்றதில் அரைகுறையாக வெந்திருக்கலாம். ஆனால் அண்ணனும் தின்றான், ஒன்றும் ஆகவில்லை.

அப்பா: முந்தின நாள் சனிக்கிழமை, தோட்டத்தில் மருந்து அடித்தார். மூக்கில் துணி கட்டவில்லை. டாக்டரும் அதைத்தான் சொன்னார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "இருவது வருசமா அடிக்கிறாக. ஒரு நா வாந்தி எடுத்தாகளா? இவ மூடி வச்சு வேக வச்ச அன்னைக்குத்தான் வரணுமா?"

மதினி: அம்மாவின் முடிவு இதுதான். திங்கட்கிழமை முழுதும் சொன்னாள். மகனை மயக்கியது போதாதென்று புருசனையும் கொல்லப் பார்க்கிறாள் என்றாள். செவ்வாய் காலை பத்து மணிக்கு மதினி ஒரு பையோடு பேருந்தில் ஏறினாள். அண்ணன் தடுக்கவில்லை. அவன் எந்தப் பக்கமும் பேசவில்லை. அவனும் என் அண்ணன்தானே.

திராட்சை: இதைப் பற்றி யாருக்கும் சந்தேகமே வரவில்லை. அப்பாவுக்கு மட்டும் வந்தது. சாப்பிடும்போதே கேட்டார். நாலாம் பிரிவில் "ஏதோ கேட்டார்" என்று எழுதினேனே, அது இதுதான்:

"பழம் எங்கன பறிச்சது?"

"அங்கனதான்."

அதுதான் அந்தச் சொல். அங்கன. பந்தலின் கிழக்கும் அங்கன, மேற்கும் அங்கன. அது பொய்யே ஆகாத சொல். அப்பா தலையை ஆட்டிவிட்டுப் பிசைந்தார்.

[இடப்பக்கம்: அப்பா மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து, அதோடு ஒரு டப்பா பூச்சி மருந்தும் சேர்த்து அடிப்பார். டப்பாவில், அடித்த பிறகு பதினான்கு நாள் பறிக்கக் கூடாது என்று அச்சிட்டிருக்கும். பழம் ஒரே சமயத்தில் பழுக்காது, அதனால் பந்தலை இரண்டாகப் பிரித்து அடிப்பார். அடித்த வரிசையின் முதல் கல்தூணில் ஒரு சாக்குத் துண்டைக் கட்டுவார். அவர் அவிழ்க்கும்வரை அங்கே யாரும் கை வைப்பதில்லை. இதை அவர் மதினிக்குச் சொன்னதில்லை. மதினி தோட்டத்துக்குப் போனதும் இல்லை.]

6

இந்தக் கதையில் ஒரு பாத்திரத்தின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. வேல்விழி. வீட்டுக்கு இளையவள், பி.எஸ்ஸி. முடித்தவள். எல்லா இடத்திலும் இருக்கிறாள். அடுப்படியில் நிற்கிறாள், சாப்பிடும்போது உட்கார்ந்திருக்கிறாள், ஜீப்பில் அப்பாவின் தலையைப் பிடித்துக்கொள்கிறாள். ஆனால் ஒரு வேலையும் செய்யக் காணோம். ஒன்றும் செய்யாத பாத்திரம் ஒரு கதைக்கு எதற்கு? முதலில் அவளை நீக்கிவிடலாம் என்று நினைத்தேன். நீக்கினால் கதையே நிற்கவில்லை.

அவளைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். அந்த ஞாயிறு காலை பந்தலின் கிழக்குப் பாதியில் அறுப்பு நடந்தது. வியாபாரியின் ஆட்கள் ஏழெட்டுப் பேர். பெட்டி அடுக்குகிறவர்கள் சத்தமாகப் பாட்டுப் போட்டிருந்தார்கள். அவர்களைக் கடந்துதான் கிழக்கு வரிசைக்குப் போக வேண்டும். வேல்விழி கல்லூரியில் வைவா என்கிற வாய்மொழித் தேர்வு என்றால் முந்தின நாளே காய்ச்சல் வருகிறவள்.

அவள் தட்டில் திராட்சை இல்லை. அதையும் எழுத வேண்டும். கோழி இருந்தது, உருளைக்கிழங்கு இருந்தது. மூன்று தண்ணீரில் கழுவிய பழம்தான். கழுவினால் மேலே இருப்பது போகும், உள்ளே இறங்கியது போகாது என்று படித்தவள் அவள்.

(அப்பாவின் வாந்திக்குப் பழம்தான் காரணம் என்று நிரூபிக்க முடியாது. சோதிக்க ஒரு பழம்கூட மிச்சமில்லை. இதை அவளுக்காகச் சொல்லவில்லை. அளவு தெரியாமல் முடிவு எழுதக் கூடாது என்பது பழக்கம். ஆனால் அவள் சொல்ல வேண்டியது முடிவு அல்ல.)

மதினி போன ஒன்பதாம் நாள் போன் செய்தாள். அண்ணனுக்கு இல்லை, எனக்கு.

"வேலு, அன்னைக்குப் பழத்த எத்தன தண்ணி கழுவுனோம்?"

"மூணு."

"மூணுதான? நானும் அதான் நெனச்சேன். நான்தான் ஏதோ வுட்டுட்டேனோன்னு தூக்கமே வரல."

வைத்துவிட்டாள். அவளுக்குத் தெரியுமோ என்று பத்து நாளாகச் சந்தேகப்படுகிறேன். எந்தப் பக்கம் புரட்டினாலும் அவள் தன்னைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறாள். இது அதைவிட மோசம்.

7

மணி நாலே கால். ஜீப் வந்துவிட்டது. கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மதினியின் அப்பா கருத்தக்கண்ணன் நின்றுகொண்டே பேசுகிறார். "சாமான எடுத்துக்கிறோம் சம்பந்தி. மருந்து வச்சுப் பொழைக்கிற வம்சம் இல்ல நாங்க."

"நான் யாரையும் போகச் சொல்லல" என்கிறாள் அம்மா. "எம் புருசன் உசுரு எனக்கு வேணும்."

"நான் என்ன செத்தா போனேன்? குத்துக்கல்லாட்டம் இங்கனதான ஒக்காந்துருக்கேன்." இது அப்பா.

அண்ணனின் குரல் இல்லை. ஓவனின் வயரைச் சுற்றுகிற சத்தம் கேட்கிறது.

முடிவுகள்: (அ) ஜீப் போகிறது, வேல்விழி சன்னலில் நின்று பார்க்கிறாள். இது அழகாக இருக்கிறது, அதனால் சந்தேகமாக இருக்கிறது. (ஆ) அண்ணன் திடீரென்று எழுந்து, யார் சொன்னாலும் என் மனைவியை அனுப்ப மாட்டேன் என்கிறான். அவனை எனக்குத் தெரியும். (இ) அம்மா மனம் மாறி

இல்லை.

மதினியும் தன் அப்பாவோடு வந்திருக்கிறாள். இப்போது பேசுகிறாள். "ஓவன் இங்கனயே இருக்கட்டும்ப்பா. மாமா ஆசையாத் தின்னாக."

8

போய்விட்டு வந்து இதை எழுதுகிறேன். நடந்ததில் ஒரு பாதிதான் இங்கே வரும். நான் சொன்ன பிறகு அம்மா என்ன சொன்னாள், ஜீப்பில் என்ன ஏறியது, மதினி என் முகத்தைப் பார்த்தாளா என்பதெல்லாம் இந்த நோட்டில் இல்லை. உங்களுக்கு இடப்பக்கம் காலியாக விட்டிருக்கிறேன். பென்சிலில் எழுதுங்கள்.

நோட்டோடுதான் போனேன். அது இல்லாமல் நிற்க முடியாது. அறையில் ஐந்து பேர். எல்லோரும் திரும்பினார்கள்.

"என்னத்தா, கையில நோட்டு? பரீட்சையா?" என்றார் அப்பா.

மூன்றாம் பிரிவை விரித்தேன். வாசிக்கத் தொடங்கினேன். "திராட்சை தோட்டத்திலிருந்து பறிக்கப்பட்டது."

"சத்தமாச் சொல்லு வேலு. ஒண்ணும் கேக்கல" என்றார் அப்பா.

அதற்கு அடுத்த இரண்டு வரி காலியாக இருந்தது. அங்கே வாசிக்க ஒன்றுமில்லை. நோட்டை மூடினேன்.

"அந்தப் பழத்தப் பறிச்சது நான்ப்பா. அங்கன இல்ல. மேக்கால, மூணாவது வரிசை. சாக்கு கட்டியிருந்துச்சு. பாத்தேன். பாத்துட்டுத்தான் பறிச்சேன்."