கூப்பிடி உறங்கும் நேரம்

கண்ணாடிக் கடையின் ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டால், ஞாயிற்றுக்கிழமை மதியம் பின்னறை அவர்களுடையதாகிவிடும். சுவரில் பெரிய எழுத்தில் தொடங்கிப் பொடி எழுத்துவரை இறங்கும் பார்வைப் பலகை. மூலையில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரம். நடுவில் ஒரு மேசை. வாரம் முழுக்க அந்த மேசையில் ஊரார் கண்ணாடிகளுக்கு ஃபிரேம் பூட்டும் சின்னவள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதே மேசையில் பூதங்களை அவிழ்த்துவிடுவாள்.

விளையாட்டு ஒன்றும் கம்பசூத்திரம் அல்ல. சின்னவள் மாஸ்டராக இருந்து கதையை நடத்துவாள். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரராகக் கதைக்குள் இறங்கி, தாங்கள் என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்வார்கள். நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும்.

பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் சித்தி, கதைக்குள் கோடரிக்காரி. வாரமெல்லாம் கவுண்டருக்குள் அடக்கிவைத்த கோபத்தை அந்தக் கோடரியில்தான் இறக்குவாள். பக்கத்துக் கடையில் சாவி வெட்டுகிறவருக்கு எல்லோரும் வைத்த பெயர் வக்கீல். விதி என்று வந்துவிட்டால் பெற்ற தாயிடமும் வழக்காடுகிற ஆள். அவர் கதைக்குள்ளும் பூட்டுத் திறக்கிறவர்தான். "வேல நாள்லயும் பூட்டு, லீவு நாள்லயும் பூட்டா? உங்க பொண்டாட்டி பாவம்" என்பாள் சித்தி.

மூன்றாவது ஆள் அத்தான். லிஃப்ட் மெக்கானிக். சின்னவளின் அக்காவைக் கட்டியவர். அக்கா போன பிறகு வேலை விட்டால் வீடு, வீடு விட்டால் வேலை என்று கிடந்தவரைச் சித்திதான் கையைப் பிடித்து இழுத்துவந்து இந்த மேசையில் உட்காரவைத்தாள். கதைக்குள் அவர் ஒரு காவல் வீரன். அதிகம் பேசாத வீரன்.

தொடக்கத்தில் எல்லாம் சிரிப்பும் கூத்துமாகத்தான் இருந்தது. ஒருமுறை தீநாகம் ஒன்று வாயைத் திறந்து நெருப்பைக் கக்கியபோது சித்தி அலறினாள்.

"அடியே, அடுத்த தடவையும் இப்படித்தான் கக்குமா?"

"அஞ்சோ ஆறோ விழுந்தாத்தான் சித்தி திரும்ப மூச்சு வரும். ஒவ்வொரு சுத்துக்கும் உருட்டிப் பாப்பேன்."

"நம்ம கடத் தெரு ஜெனரேட்டர் மாதிரின்னு சொல்லு."

வக்கீல் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அப்படி இல்லக்கா. எல்லாச் சக்தியும் எப்பவும் இருந்தா நம்மள்ள ஒருத்தர்கூட உயிரோட வீடு போக முடியாது. அதனால பூதத்தக் கட்டிப் போட்டிருக்கு. சிலதுக்குப் பகட விழணும். சிலதுக்குக் கொஞ்சம் ஓய்வு வேணும். ரொம்பப் பொல்லாத சக்தின்னா நாளுக்கு ஒருதடவதான். அது தீந்துருச்சுன்னா பூதம் வெறும் பல்லும் நகமும். விடியறதுக்குள்ள முடிச்சிரணும். விட்டா, உறங்கி எந்திரிச்சு மறுபடி அதே பலத்தோட நிக்கும்."

விளையாட்டு தெரிந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். பூதம் உறங்குவதற்குள் முடித்துவிடுவார்கள். உறங்கவிட்டுக் காத்திருப்பவர் யாரும் கிடையாது. அத்தான் வரும்வரை கிடையாது.

கூப்பிடி என்ற பூதத்தைச் சின்னவளே உருவாக்கினாள். லென்ஸ் வரும் காகித உறையின் பின்புறத்தில் எழுதிவைத்திருந்தாள். கதவுக்குப் பின்னால் இருக்கும். காது வைத்துக் கேட்பவரை, அவருடைய இறந்தவர்களின் குரலில் கூப்பிடும். மனம் இளகிக் கதவைத் திறந்தவர் குழிக்குள் விழுவார். நாளுக்கு ஒருமுறை. சித்திதான் முதலில் முந்துவாள், அவளை லேசாகப் பயமுறுத்தலாம் என்பது திட்டம். ஆனால் அந்த வாரம் காது வைத்தது அத்தான்.

என்ன சொல்வது என்று யோசிக்காமலேதான் சின்னவள் வாயைத் திறந்தாள்.

"லிஃப்டுக்காரரே, கதவத் தொறங்க. கை ரெண்டும் நெறஞ்சிருக்கு."

அது சின்னவளின் கீச்சுக் குரல் இல்லை. சற்றுக் கனத்த, மாடி ஏறி வந்து மூச்சு வாங்குகிற, அதற்குள்ளும் ஒரு கேலி ஒளிந்திருக்கிற குரல். கடைவீதிக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் அக்கா கதவுக்கு வெளியே நின்று சொல்கிற வாக்கியம். கடைசியாகப் போனபோது மட்டும் அவள் அதைச் சொல்லவில்லை. கடைவீதியிலேயே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் அடங்கிவிட்டாள். பைகளை மட்டும் யாரோ வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள்.

சித்தி டீ டம்ளரை மேசையில் வைத்துவிட்டாள். "என்னடி இது?" என்றாள்.

"பகடைய உருட்டுங்க அத்தான்," என்றாள் சின்னவள். இப்போது அவளுடைய குரல்தான். "பெருசா விழுந்தா மனசத் தாங்கிக்குவீங்க."

இருபது முகப் பகடை உருண்டு பதினெட்டில் நின்றது. தாங்கிக்கொண்டார். ஜெயித்தவர் பார்க்கிற பார்வையாக அது இல்லை. பகடை தன்னை ஏமாற்றிவிட்டதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவ கூப்பிடுமா சின்னு?"

"இன்னைக்கு இல்ல அத்தான். உறங்கி எந்திரிச்சாத்தான்."

"அப்ப இங்கயே படுத்துக்குவோம்."

வக்கீல் துள்ளினார். "என்ன சார் நீங்க? இப்பத்தான அதுக்குச் சக்தி தீந்திருக்கு! இப்ப உள்ள பூந்தா—"

"நான் படுத்துக்கறேன்," என்றார் அத்தான்.

கதையில் ஒரு நாள் உறங்கி எழ, வெளியே ஒரு வாரம் ஆனது. அடுத்த ஞாயிறும் அத்தான் கதவில் காது வைத்தார். கூப்பிட்டது. பகடையை உருட்டினார், தாங்கிக்கொண்டார், படுத்துக்கொண்டார். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. கோடரிக்காரி கதவுக்கு முன்னால் கொட்டாவி விட்டாள். வக்கீலின் பையில் ரொட்டி தீர்ந்துகொண்டிருந்தது. "ஒரு பூதத்துக்கு வாட்ச்மேன் வேல பாக்குற முதல் கூட்டம் நாமதான்" என்று புலம்பினார்.

சின்னவளுக்குப் பயமாக இருந்தது. அதைவிடப் பயம், அவளும் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தாள் என்பது. வார நாட்களில் லென்ஸ் இயந்திரத்தை ஓடவிட்டு, யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்ப்பாள். கீச்சுக் குரல்தான் வரும். பள்ளிக்கூட நாடகத்தில் திக்கி நின்ற அதே குரல். அக்கா மேசைக்கு மட்டுமே வந்தாள், ஞாயிறுக்கு ஒருமுறை மட்டுமே வந்தாள். அந்த ஒரு நொடியில் சின்னவளின் நெஞ்சுக்குள் அக்கா மூச்சு வாங்கி நிற்பாள். பிறகு போய்விடுவாள்.

ஒரு வாரம், வழக்கமான வாக்கியத்தோடு நிற்கவில்லை.

"கை ரெண்டும் நெறஞ்சிருக்கு. உப்பு மறந்துட்டேன், திட்டாதீங்க."

அத்தானின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. பகடையை எடுக்கப் போன கை பாதியில் நின்றது.

"அன்னைக்கு உப்புத்தான் வாங்கிட்டு வரச் சொன்னேன். பைய அவுத்துப் பாத்தா எல்லாம் இருந்துச்சு, உப்பு மட்டும் இல்ல." சின்னவளை நிமிர்ந்து பார்த்தார். "நான் இத யாருகிட்டயும் சொன்னதில்லையே."

சின்னவளுக்கும் யாரும் சொல்லவில்லை. அன்று மாலைவரை அவள் நாக்கு உப்புக் கரித்தது.

அடுத்த ஞாயிறு, அத்தான் வருவதற்கு முன்பே சித்தி வந்து சேர்ந்தாள். கைப்பையைக்கூட இறக்கவில்லை.

"நிறுத்திருடி இத. அவரு வேல பாக்குற கட்டடத்து வாட்ச்மேன் டிக்கெட் வாங்க வந்தான். என்ன சொன்னான் தெரியுமா? மாப்ள நாலாவது மாடி லிஃப்ட் கதவுல காத வெச்சுக்கிட்டு நின்னாராம். கூண்டு கீழ கெடக்கு. கதவுக்கு அந்தப் பக்கம் வெறும் குழி. கையில கதவு தொறக்கற சாவி. 'என்ன சார்'னு கேட்டதுக்கு, 'கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு'ன்னாராம்."

சின்னவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். "வீட்டுலயும் தாழ்ப்பா போடுறதில்ல சித்தி. போன வாரம் போனப்பப் பாத்தேன். கதவுப் பக்கத்துலயே பாயப் போட்டிருக்காரு."

"பூதம் செத்துப்போச்சுன்னு சொல்லிட்டுப் போ. ஒன் கதைதான?"

அதற்குள் வந்து நின்றிருந்த வக்கீல் தலையை ஆட்டினார். அவர் முகத்தில் வழக்காடும் களை இல்லை. "சும்மா அழிச்சா அவரு நம்ப மாட்டாருக்கா. இங்க கேக்கலைன்னா அங்க போய்க் கேப்பாரு, அந்த லிஃப்ட் கதவுல. ரூல்படி முடிக்கணும். அவரே முடிக்கணும்."

அத்தான் வந்தார். கண்ணுக்குக் கீழே கருமை கட்டியிருந்தது. உட்கார்ந்ததும், "போன வாரம் கேட்டதோட எந்திரிச்சுட்டோம். இப்ப படுக்குறோம்" என்றார்.

"ஒரு நிமிஷம் சார்," என்றார் வக்கீல். "உறங்கி எந்திரிச்சா மீளும்னுதான் எழுதியிருக்கு. நாம உறங்குனா இல்ல, அது உறங்குனா. ராத்திரி பூரா யாராவது கதவத் தட்டிக்கிட்டே இருந்தா அது எப்படி உறங்கும்? உறங்கலைன்னா குரல் திரும்பாது. சரிதான மாஸ்டர்?"

சின்னவள் உறையைப் புரட்டிப் பார்ப்பதுபோல் பாவனை செய்தாள். அவளுக்கு மனப்பாடம். "சரிதான்."

"தட்டக் கூடாது!"

அத்தான் அத்தனை சத்தமாகப் பேசி அந்த அறை கேட்டதில்லை. பார்வைப் பலகைகூட அதிர்ந்ததுபோல் இருந்தது.

சித்தி நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டாள். "மாப்ள, அவளத் தூங்க விடுறதா நெனைக்கிறீங்களா நீங்க? தூங்குனவள எழுப்பி எழுப்பிக் கூப்பிட வைக்கிறீங்க. கை ரெண்டும் நெறஞ்சிருக்கு, நெறஞ்சிருக்குன்னு எத்தன வாரமாச் சொல்றா. செத்தும் பையத் தூக்கிக்கிட்டு நிக்கிறா எம் பொண்ணு."

வெளியே ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அத்தான் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். கிரீஸ் ஏறிக் கறுத்த ரேகைகள்.

"யாரு தட்டணும்?" என்றார்.

"நான் கோடரியால—" என்று தொடங்கிய சித்தி நிறுத்திக்கொண்டாள்.

"வேண்டாம் சின்னத்தை. நானே முழிச்சிருக்கேன்."

விரலை மடக்கி மேசையைத் தட்டத் தொடங்கினார். லிஃப்டின் இரும்புக் கதவைத் தட்டிச் சோதிக்கிறவரின் தட்டு. வேகமும் இல்லை, ஓய்வும் இல்லை. டொக். டொக். டீ ஆறியது. யாரும் குடிக்கவில்லை. பகடைகள் ஒவ்வொரு தட்டுக்கும் லேசாகத் துள்ளின.

சின்னவளுக்குத் தொண்டைக்குள் ஏதோ ஏறிவந்தது. கனத்த மூச்சு, மாடிப்படி ஏறி வருகிற மூச்சு. ஒவ்வொரு தட்டும் அதை ஒரு படி கீழே தள்ளியது. ‘போதும் அத்தான், தட்டாதீங்க’ என்று நாக்கு நுனிவரை வந்தது. இந்த ஒரு தடவை கூப்பிட்டுவிட்டுப் போகட்டுமே. பல்லைக் கடித்துக்கொண்டாள். அவருடைய விரல் முட்டி சிவந்து, தோல் உரிந்தது. அவர் நிறுத்தவில்லை.

"விடிஞ்சிருச்சு," என்றாள் கடைசியில். கீச்சுக் குரல்தான்.

வக்கீல் எழுந்து நின்றே பகடையை உருட்டினார். "பூட்டு தொறந்திருச்சு."

அத்தான் கதவைத் தள்ளினார்.

உறையில் கூப்பிடிக்குப் பல்லும் நகமும் எழுதியிருந்தது. சின்னவள் அதை வாசிக்கவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னாள்.

"ஒரு குழி. அதோட விளிம்புல யாரோ நிக்கறாங்க. முகம் தெரியல. ரெண்டு கையிலயும் பை. வாயத் தொறக்கறாங்க. சத்தம் வரல."

சித்தி கோடரியை ஓங்குவதாகச் சொல்லவில்லை. வக்கீல் விதி பேசவில்லை.

"நான் பைய வாங்கிக்கறேன்," என்றார் அத்தான்.

அதற்குப் பகடை உருட்ட வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை.

"வாங்கிக்கிட்டீங்க. கனமா இருக்கு. அவங்க கையப் பாத்துக்கறாங்க, காலியா இருக்கேன்னு. அப்படியே சுவத்துல சாஞ்சு உக்காந்துட்டாங்க. கண்ண மூடிட்டாங்க."

"தூங்கறாளா?"

"தூங்கறாங்க அத்தான்."

"அப்படின்னா நாளைக்கு மறுபடி—" என்று வாயெடுத்த வக்கீலின் காலைச் சித்தி மேசைக்கடியில் ஓங்கி மிதித்தாள். அவர் "ஐயோ" என்று மட்டும் சொல்லி வாக்கியத்தை முடித்தார்.

அத்தான் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டும் விட்டுவிட்டாரோ என்னவோ. "கதவச் சாத்திருங்க. எழுப்ப வேணாம். நாம கெளம்புவோம்" என்றார். எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். ஷட்டருக்குக் கீழே குனியும்போது திரும்பி, "சின்னு, எனக்குத் தூக்கம் கண்ணக் கட்டுது. இன்னைக்குத் தாழ்ப்பாப் போட்டுட்டுப் படுக்கணும்" என்றார். சித்தி அவர் பின்னாலேயே போனாள், வீடுவரை கூடப் போவதற்கு. வக்கீல் நொண்டிக்கொண்டே தன் கடைக்குப் போனார்.

சின்னவள் பகடைகளை டப்பாவில் போட்டாள். டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள். கூப்பிடியின் உறையைக் கிழிக்கக் கையில் எடுத்தாள். மேசையில் ஓரிடத்தில் அத்தானின் முட்டித் தோல் ஒட்டிக் காய்ந்திருந்தது.

இனி அவர் அந்தக் கதவுக்குப் போக மாட்டார். பிழைத்துக்கொண்டார். நினைக்கையில் அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. நிறைந்த கையோடு, வக்கீல் முடிக்காமல் விட்ட வாக்கியமும் அங்கேயே நின்றது. கூப்பிடி இப்போது உறங்குகிறது; உறங்கி எழுந்தால் குரல் திரும்பும். தட்டுவதற்கு யாரும் இல்லை.

மெதுவாக, தனக்குக்கூடக் கேட்காத குரலில் சொல்லிப் பார்த்தாள். "கதவத் தொறங்க." கீச்சுக் குரல். இன்னும் உறங்கி எழவில்லை.

உறையைக் கிழிக்காமல் மேசைமேல் வைத்தாள். வாடிக்கையாளர்கள் உட்காரும் நீள பெஞ்சில் துப்பட்டாவை மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்தாள். கண்ணை மூடினாள்.

பிறகு எழுந்துபோய், பின்கதவின் தாழ்ப்பாளை நீக்கிவிட்டு வந்து படுத்தாள்.